கம்பியில்லாக் கைக்கட்டுப்படுத்தி (தொலைநோக்கி)

தொலைநோக்கியின் மோட்டார் தாங்கியை வயரின்றி இயக்க உதவும் கருவி. செலஸ்ட்ரான், ஸ்கை-வாட்சர் நிறுவனங்களின் வைஃபை உள்ள தாங்கிகளில் இப்பணியைக் கைப்பேசிச் செயலியும் செய்யும். தாங்கியே வைஃபை அலையை உருவாக்குவதால் இணைய இணைப்பு தேவையில்லை. குழாய் சுழலும்போது வயர் சிக்கும் தொல்லையும் இல்லை.

அமைத்தல்: முதலில் இடமும் நேரமும் பதியப்படும். எடுத்துக்காட்டாக, இலங்கையின் மூதூருக்கு வடக்கு 8°27′, கிழக்கு 81°16′. உலக நேரத்துடன் 5:30 மணி கூட்டப்படும். பிறகு பிரகாசமான இரு விண்மீன்கள் ஒவ்வொன்றாகப் பார்வை மையத்துக்குக் கொண்டுவரப்படும். கடைசி நகர்வை எப்போதும் ஒரே திசை விசைகளால் முடித்தால் பற்சக்கரத் தளர்வு பிழை தராது. அதன்பின் வானம் மணிக்கு 15° நகர்வதைத் தாங்கி தானே பின்தொடரும்.

மூதூரில்: துருவ விண்மீன் வடக்கே கொட்டியாரக் குடாவுக்கு மேல் சுமார் 8½° உயரத்திலேயே நிற்பதால் அடிவான மூட்டத்தில் எளிதில் மறையும். எனவே அதை நம்பாத இரு விண்மீன் முறையே இங்கு வசதியானது. தென்வானமோ இவ்வூருக்குக் கிடைத்த பெரும் பேறு: அகத்திய விண்மீன் ஏறத்தாழ 29° வரை உயர்கிறது.

எச்சரிக்கை: திரை வெளிச்சம் இருளுக்குப் பழகிய கண்ணைக் கெடுக்கும்; சிவப்புத் திரை அமைப்பே ஏற்றது. முகப்பில் சூரிய வடிகட்டி பொருத்தாமல் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் ஒருபோதும் திருப்பலாகாது.