தகரச் சீட்டுத் தொங்கிய கதவுகள்

கட்டடக் கலை என்றவுடன் பேராலயங்களையும் அரண்மனைகளையும் எண்ணிப் பார்ப்பதே நம் வழக்கம். ஆனால் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரை அறிய விரும்புவோர், அங்குள்ள மணற்கல் அடுக்குக் குடியிருப்புகளையே முதலில் காணவேண்டும். ‘டெனிமெண்ட்’ எனப்படும் இவை, விக்டோரியா அரசியாரின் காலத்தில் ஆலைகளும் கப்பல் கட்டும் துறைகளும் பெருகியபோது தெருத்தெருவாய் எழுந்தவை.

பெரும்பாலும் நான்கு தளங்கள். தெருவை நோக்கிய முகப்பு செவ்வையாக இழைத்த கல். பின்புறமோ முரட்டுக் கல். ஊர்மெச்ச முகத்தை மட்டும் அலங்கரிப்பது எந்நாட்டிலும் உள்ளதே! முதலில் நகரைச் சூழ்ந்த குவாரிகளின் வெளிர்மஞ்சள் கல்லே பயன்பட்டது. 1890-களில் டம்ஃப்ரீஸ் பகுதியிலிருந்து இருப்புப்பாதை வழியாகச் செந்நிறக் கல் பெருமளவில் வந்தது. எனவே சுவரின் நிறமே தெருவின் வயதை ஏறத்தாழச் சொல்லிவிடும்.

தெருவிலிருந்து மாடிப்படிக்குச் செல்லும் பொது நடைக்குக் ‘குளோஸ்’ என்று பெயர். வசதியுள்ளோர் கட்டடங்களில் அதன் சுவர்களில் பீங்கான் ஓடுகள் மின்னும். எளியோர் கட்டடங்களில் வெறும் வண்ணப்பூச்சுதான். சமையலறைச் சுவரில் குழிவாக அமைந்த படுக்கை மாடம் இரு சாராருக்கும் பொதுவானது. பக்ளூ தெருவில் 1892-இல் எழுந்த ஒரு கட்டடத்தில், ஆக்னஸ் டோவர்டு என்ற தட்டச்சர் 1911 முதல் 1965 வரை வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகமாகப் பேணப்படுகிறது. கூடம், படுக்கையறை, சமையலறை, தனிக் குளியலறை என்று அது நிறைவான இல்லம்.

அதே கல்லாலான வேறு கட்டடங்களில் ஒற்றை அறையே ஒரு குடும்பத்தின் உலகமாயிருந்தது. நெரிசலைத் தடுக்க 1862-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வழி கண்டது. சிறிய வீடுகளை அளந்து, பெரியவர் ஒருவருக்கு 300 கன அடி எனக் கணக்கிட்டு, தங்கத்தக்கோர் தொகையைத் தகரச் சீட்டில் பொறித்துக் கதவில் அறைந்தனர். நள்ளிரவில் ஆய்வாளர் வந்து கதவைத் தட்டுவார். கணக்குக்கு மிஞ்சியோர் அலமாரிக்குள்ளும் கூரைமேலும் ஒளிந்துகொள்வர். 1840-களின் கொடும் பஞ்சத்துக்குப்பின் அயர்லாந்திலிருந்து வந்த நம் கத்தோலிக்கச் சகோதரர் பலரும் இத்தகைய அறைகளிலேயே ஒண்டினர். சீட்டு எண்ணிக்கையை வரையறுத்ததே தவிர, வெளியேற்றப்பட்டவருக்கு வேறோர் அறை தரவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பழி கல்லின்மேல் விழுந்தது. 1957 முதல் கார்பல்ஸ் போன்ற பகுதிகளில் தெருக்கள் முழுமுழுதாய் இடிக்கப்பட்டன. மக்கள் காசில்மில்க் முதலான புறநகர்களுக்கும் புதிய கோபுர வீடுகளுக்கும் அனுப்பப்பட்டனர். குற்றம் நெரிசலிலும் பராமரிப்பின்மையிலும் இருக்க, தண்டனை பெற்றது கட்டடம் என்றே நமக்குத் தோன்றுகிறது. 1960-களில் கார்பல்ஸில் எழுப்பிய மாபெரும் கான்கிரீட் குடியிருப்பொன்று 1993-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. நகரின் பிற பகுதிகளிலோ, 1970-களில் குடியிருப்போரே சங்கம் அமைத்துக் கழிப்பறையும் குளியலறையும் சேர்த்து, கரி படிந்த முகப்பைக் கழுவிச் செப்பனிட்ட பழைய டெனிமெண்டுகளில் மக்கள் இன்றும் விரும்பி வாழ்கின்றனர்.

கார்பல்ஸில் பிரான்சிஸ்கன் துறவியர் பணியாற்றிய புனித பிரான்சிஸ் ஆலயம் இடிபாட்டுக்குத் தப்பியது. ஆனால் சுற்றியிருந்த வீடுகளோடு பங்கு மக்களும் கலைந்துபோயினர். இன்று அது சமூகக் கூடமாக இயங்குகிறது.