பழைய ஜிப்ஸியின் கியர் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா? டெல்லியில் வண்டி வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மாருதி ஜிப்ஸி 1985-ல் விற்பனைக்கு வந்தது. 2019-ல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றுபோனது. ஆனாலும் மலைப் பயணத்துக்காகப் பழைய ஜிப்ஸியைத் தேடி வாங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வாங்கிய கொஞ்ச நாளிலேயே அவர்களிடம் கேட்கக்கூடிய புகார் ஒன்று உண்டு: "காலையில செகண்ட் கியர் விழவே மாட்டேங்குது."

உடனே கியர் பாக்ஸைப் பிரிக்க வேண்டியதில்லை. முதலில் ஆயிலை மாற்றிப் பார்க்கலாம். அதை நீங்களே செய்தால், உள்ளே என்ன நடக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

ஆயிலுக்கு முன் ஆர்சி

டெல்லியில் இருக்கிற வண்டி என்றால், செலவு செய்வதற்கு முன் ஆர்சி-யைப் பாருங்கள். 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளும் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளும் தேசிய தலைநகர் பகுதியில் ஓடக்கூடாது என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று 2025 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தப் பாதுகாப்பு பிஎஸ்-4 மற்றும் அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மட்டுமே என்று டிசம்பரில் திருத்தியது.

டெல்லியில் பிஎஸ்-4 கட்டாயமானது 2010 ஏப்ரலில். அதற்கு முன் இங்கே பதிவான ஜிப்ஸி பெரும்பாலும் இந்தப் பாதுகாப்புக்குள் வராது. அப்படிப்பட்ட வண்டியை என்ஓசி வாங்கி, மறுபதிவுக்கு அனுமதிக்கும் வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோவதுதான் வழி. இதை முடிவு செய்த பிறகு ஸ்பேனரை எடுக்கலாம்.

எங்கெங்கே ஆயில் இருக்கிறது?

ஜிப்ஸியில் கியர் பாக்ஸும் டிரான்ஸ்பர் கேஸும் தனித்தனி. நடுவே ஒரு சின்ன ஷாஃப்ட் இரண்டையும் இணைக்கிறது. நான்கு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுப்பது டிரான்ஸ்பர் கேஸ். கியர் பாக்ஸில் மட்டும் ஆயில் மாற்றிவிட்டு இதை மறந்துவிடுவது வழக்கமான தவறு. இரண்டுக்கும் தனி ஆயில், தனி பிளக். முன், பின் டிஃபரன்ஷியல்களின் கணக்கு வேறு.

எந்த ஆயில்?

வண்டியின் கையேடு சொல்வதே இறுதி. பொதுவாக கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 தரம், டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 தரம். எண் பெரிதாக இருப்பதால் ஜிஎல்-5 உசத்தி என்று நினைத்து எல்லாவற்றிலும் ஊற்றக் கூடாது. அதிக அழுத்தத்தைத் தாங்க அதில் கூடுதலாகச் சேர்க்கப்படும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள், கியர் மாறும்போது வேகத்தைச் சமன்செய்யும் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும்.

டெல்லியின் ஜனவரிக் காலையில் ஆயில் கெட்டியாகிவிடும். அதனால்தான் வண்டி சூடாகும் வரை செகண்ட் கியர் முரண்டு பிடிக்கும். கையேடு இரண்டையும் அனுமதித்தால், 80டபிள்யூ-90-ஐ விட 75டபிள்யூ-90 குளிரில் எளிதாக ஓடும்.

மாற்றுவது எப்படி?

1. 15 நிமிடம் ஓட்டி ஆயிலை வெதுவெதுப்பாக்குங்கள். சூட்டில் முழுசாக வடியும்.

2. சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் ஆயில் மட்டமும் தப்பாகக் காட்டும்.

3. முதலில் பக்கவாட்டில் உள்ள ஃபில்லர் பிளக்கைக் கழற்றுங்கள். அது துருப்பிடித்து இறுகியிருந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். கீழே வடித்துவிட்டு, மேலே ஊற்ற வழியில்லாமல் போனால் வண்டி நகராது.

4. டிரெயின் பிளக்கைத் திறந்து, சொட்டு நிற்கும் வரை விடுங்கள். மரையைத் துடைத்து, கையேடு சொல்லும் வாஷர் அல்லது சீலன்ட் போட்டு மூடுங்கள்.

5. புனலில் டியூப் மாட்டி, ஃபில்லர் துளையின் விளிம்புக்கு ஆயில் வரும் வரை ஊற்றி மூடுங்கள். அவ்வளவுதான். டிரான்ஸ்பர் கேஸுக்கும் இதே முறை.

பிறகு ஓட்டிப் பார்த்து கசிவு இருக்கிறதா என்று கவனியுங்கள். காய்ந்த தார்ச் சாலையில் ஃபோர்-வீல் போட்டுப் பார்க்க வேண்டாம். முன், பின் சக்கரங்கள் வேறு வேகத்தில் சுற்ற வழியில்லாததால் மொத்த அமைப்பும் முறுக்கேறும். மண் தரையில் பாருங்கள்.

வடிந்த ஆயில் என்ன சொல்கிறது?

கியர் பாக்ஸில் ஃபில்டர் கிடையாது. தேய்ந்த உலோகம் எல்லாம் ஆயிலிலேயே தங்கும்.

கறுப்பாக, மெல்லிய சாம்பல் நிறப் பசையோடு வந்தால் சாதாரணத் தேய்மானம். பொன்னிறத் துகள் மின்னினால் பித்தளை வளையங்கள் தேய்கின்றன. விரலில் தட்டுப்படும் அளவுக்கு இரும்புச் சில்லு இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கலாம். அதைப் புது ஆயில் சரிசெய்யாது. மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

பால் கலந்த தேநீர் போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மழைக்காலத்தில் மின்டோ பாலத்தடியில் தேங்கும் மாதிரியான தண்ணீரில் இறங்கும்போது, சூடான கியர் பாக்ஸ் சட்டென்று குளிர்ந்து, காற்றுப்போக்கி வழியாகவோ பழைய சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சும். ஆயிலை மாற்றுவதோடு தண்ணீர் புகுந்த வழியையும் சரிசெய்ய வேண்டும். பழைய ஜிப்ஸி வாங்கப் போகிறவர்கள் விலை பேசும் முன்பே இந்தச் சோதனையைக் கேட்பது நல்லது.

பழைய ஆயிலை என்ன செய்வது?

சாக்கடையில் ஊற்றாதீர்கள். பயன்படுத்திய ஆயில் 2016-ம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு. மூடியுள்ள கேனில் பிடித்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் சர்வீஸ் மையத்தில் கொடுத்துவிடுங்கள்.