உயர்ந்த விகிதம், ஓட்டையான அடித்தளம்: இந்தியச் செல்வ வரிகளின் வரலாறும் வாரிசுரிமை வரிக்கான வாதமும்

இந்தியாவில் பெருஞ்செல்வத்தின் மீது வரி விதிக்கலாமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் ஒரே விடை சொல்லப்படுகிறது: போட்டுப் பார்த்தோம், பயனில்லை, எடுத்துவிட்டோம். இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மீது 1953இல் வந்த எஸ்டேட் வரி 1985இல் நீக்கப்பட்டது. 1957இன் செல்வ வரி 2015இல் கைவிடப்பட்டது. 1958இன் நன்கொடை வரி 1998இல் முடிவுக்கு வந்தது. 2024 மக்களவைத் தேர்தல் பரப்புரையின்போது வாரிசுரிமை வரி சர்ச்சைக்குள்ளானபோது, இந்தப் பழைய வரிகள் மீண்டும் பேசுபொருளாயின. ஆனால் அவை ஏன் வீழ்ந்தன என்பதை யாரும் பொறுமையாக ஆராயவில்லை.

செல்வத்துக்கு வரி விதிக்கும் கொள்கை தோற்றதாக இவ்வரலாறு காட்டவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். சட்டத்தில் உச்ச விகிதத்தை எழுதிவைத்துவிட்டு, வரிக்குரிய சொத்துகளை ஒவ்வொன்றாக வெளியே விட்ட வடிவமைப்புதான் தோற்றது. அந்தப் பாடத்தை ஏற்றால், வரம்பு உயர்ந்த, விகிதம் மிதமான, விலக்குகள் குறைந்த ஒரு வாரிசுரிமை வரி இன்று சாத்தியமானது மட்டுமல்ல, அவசியமானதும் ஆகும்.

1. கால்டரின் திட்டம்

கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டர் 1956இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையை இன்று பலர் பணக்காரர்களைக் கசக்கிப் பிழியும் திட்டமாக நினைவுகூர்கிறார்கள். அறிக்கை சொல்வது வேறு. வருமான வரியின் உச்ச விகிதத்தை 45 விழுக்காட்டுக்கு மேல் போகாமல் குறைக்க வேண்டும் என்றார் அவர். அதற்கு ஈடாக ஆண்டுச் செல்வ வரி, மூலதன ஆதாய வரி, நன்கொடை வரி, தனிநபர் செலவின வரி ஆகியவற்றைச் சேர்க்கச் சொன்னார். செல்வ வரிக்கு அவர் கருதிய உச்சம் 1.5 விழுக்காடு மட்டுமே.

இந்த வரிகள் ஒன்றையொன்று சரிபார்க்கும் என்பதே திட்டத்தின் உயிர்நாடி. ஒருவர் நிலத்தை விற்று மூலதன ஆதாயத்தைக் கணக்குக் காட்டினால், வாங்கியவரின் செல்வம் வெளிப்படும். கொடுத்தவர் நன்கொடையைக் காட்டினால், பெற்றவரின் சொத்து பதிவாகும். ஒருவர் மறைப்பதை மற்றொருவரின் படிவம் காட்டிக்கொடுக்கும்.

சென்னையைச் சேர்ந்த நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1957இல் செல்வ வரியையும் செலவின வரியையும் கொண்டுவந்தார். மறு ஆண்டு நேருவே தாக்கல் செய்த வரவு செலவுத் திட்டத்தில் நன்கொடை வரி வந்தது. கால்டரின் ஆலோசனையை ஒட்டி இலங்கையும் 1959இல் இதே வழியில் சென்றது. ஆனால் வருமான வரி விகிதத்தை அவர் சொன்ன அளவுக்கு இந்தியா குறைக்கவில்லை. செலவின வரி 1962இல் நீங்கி, 1964இல் திரும்பி, 1966இல் மறைந்தது. சரிபார்ப்பு வலையின் ஒரு பக்கம் பத்தாண்டுக்குள்ளேயே அறுந்தது.

2. ஏறிய விகிதம், கரைந்த அடித்தளம்

1973-74இல் கூடுதல் வரியும் சேர்ந்து வருமான வரியின் உச்ச விகிதம் 97.75 விழுக்காட்டைத் தொட்டது. அதன்மேல் செல்வ வரியும் சேர்ந்தபோது, சிலருடைய மொத்த வரி அவர்களுடைய ஆண்டு வருமானத்தையே தாண்டும் நிலை. எஸ்டேட் வரியில் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு 85 விழுக்காடு. இத்தகைய விகிதங்களே வரி ஏய்ப்புக்கு முதன்மைக் காரணம் என்று நேரடி வரிகளை ஆராய்ந்த வாஞ்சூ குழு 1971இலேயே எச்சரித்தது.

ஆனால் மதிப்பிடும் விதிகளைப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. செல்வ வரிக்காக வீட்டின் மதிப்பைக் கணக்கிட ஆண்டு நிகர வாடகையை 12.5ஆல் பெருக்கும் முறை பின்பற்றப்பட்டது. நகரின் நடுவே, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு உட்பட்ட ஒரு பெரிய கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். கழிவுகள் போக ஆண்டு வாடகை 12,000 ரூபாய் என்றால், சட்டத்தின் பார்வையில் அதன் மதிப்பு 1,50,000 ரூபாய். அது நிற்கும் மனையின் சந்தை விலை பல மடங்காக இருந்தாலும் கணக்கு அதுதான். பட்டியலிடப்படாத நிறுவனப் பங்குகளுக்கு இருப்புநிலைக் குறிப்பின் ஏட்டு மதிப்பே அடிப்படை. பல்லாண்டுகளுக்கு முன் வாங்கிய ஆலை நிலம் வாங்கிய விலையிலேயே ஏட்டில் கிடக்கும்; அதிலிருந்தும் ஒரு கழிவு உண்டு. இவற்றோடு இந்து கூட்டுக் குடும்பம், குடும்ப அறக்கட்டளை ஆகியவற்றின் வழியே சொத்தைப் பிரித்துக் காட்டும் வசதியும் இருந்தது.

எஸ்டேட் வரிக்கு இன்னொரு குறையும் உண்டு. அரசமைப்பின் 269ஆம் பிரிவு அன்றிருந்த வடிவில், அவ்வரியை வசூலிப்பது ஒன்றிய அரசு. நிகர வருவாய் செல்வது மாநிலங்களுக்கு. அரும்பாடுபட்டு வசூலித்தாலும் தனக்குப் பயன் தராத வரியில் ஒன்றிய நிர்வாகம் என்ன அக்கறை காட்டியிருக்க முடியும்? 1985இல் நிதியமைச்சர் வி.பி. சிங் அதை நீக்கியபோது சொன்ன காரணம், வருவாய் சுமார் 20 கோடி ரூபாய்தான், நிர்வாகச் செலவோ ஒப்பீட்டளவில் அதிகம் என்பது. உண்மைதான். ஆனால் 85 விழுக்காடு விகிதமும் 20 கோடி வருவாயும் ஒரே சட்டத்தில் இருந்தன என்றால், அடித்தளம் எவ்வளவு கரைந்திருந்தது என்பதற்கு அதுவே சான்று.

3. பங்குகள் வெளியேறிய பிறகு

ராஜா செல்லையா தலைமையிலான வரிச் சீர்திருத்தக் குழுவின் பரிந்துரையை ஒட்டி, 1993 முதல் செல்வ வரி ஆக்கப் பயனற்ற சொத்துகளுக்கு மட்டும் என்றானது: நகர்ப்புற நிலம், கூடுதல் வீடு, நகை, கார், படகு, விமானம், கையிருப்புப் பணம். முதலீட்டை ஊக்குவிக்கும் நோக்கம் நியாயமானதே. விளைவோ நியாயமானதாக இல்லை. இரண்டாவது வீடும் நகையும் வைத்திருந்தவர் வரி செலுத்தினார். பல்லாயிரம் கோடிக்குப் பங்குகள் வைத்திருந்தவர் அப்பங்குகளுக்காக ஒரு ரூபாயும் செலுத்தவில்லை.

2013-14இல் செல்வ வரி வசூல் 1,008 கோடி ரூபாய். நேரடி வரி வருவாயில் அரை விழுக்காடுகூட இல்லை. அந்தத் தொகையைக் காட்டித்தான் 2015இல் அருண் ஜேட்லி அவ்வரியை நீக்கினார். அதற்குப் பதிலாக, ஒரு கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்கள் மீது 2 விழுக்காடு மேல்வரி கூடுதலாக விதிக்கப்பட்டது.

இந்த மாற்றத்தில் இரண்டு இழப்புகள் உள்ளன. முதலாவது, மேல்வரி வருமானத்தின் மீது விழுவது. பங்குகளை விற்காமல், ஈவுத்தொகையை மிகக் குறைவாகப் பெற்றுக்கொண்டு, நிறுவனத்தின் மதிப்பை மட்டும் வளரவிடும் உரிமையாளரை அது தொடுவதில்லை. இரண்டாவது, அதிகம் பேசப்படாதது. செல்வ வரி மாநிலங்களோடு பகிரப்படும் தொகுப்பில் இருந்தது. மேல்வரி அத்தொகுப்புக்கு வெளியே உள்ளது. தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களுக்கு அதில் பங்கில்லை.

இதே காலத்தில் செல்வக் குவிப்பு எந்த நிலையை எட்டியது? நிதின் குமார் பாரதி, லூகாஸ் சான்செல், தாமஸ் பிக்கெட்டி, அன்மோல் சோமாஞ்சி ஆகியோரின் 2024 ஆய்வின் மதிப்பீட்டில், 2022-23இல் நாட்டின் செல்வத்தில் 40.1 விழுக்காடு மேல்தட்டு ஒரு விழுக்காட்டினரிடம் இருந்தது.

4. எதிர்வாதங்கள்

விற்கும்போது மூலதன ஆதாய வரி இருக்கிறதே, போதாதா என்பது முதல் கேள்வி. விற்றால்தானே? தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் கட்டுப்பாட்டுப் பங்குகள் விற்கப்படுவதே இல்லை. இறப்பின்போது கைமாறுவதை நம் சட்டம் விற்பனையாகக் கருதுவதும் இல்லை. உறவினரிடமிருந்து பெறும் நன்கொடைக்கும் வரி இல்லை.

பணக்காரர்கள் வெளிநாடு போய்விடுவார்கள் என்பது இரண்டாவது. ஆண்டுச் செல்வ வரியைப் பொறுத்தவரை இந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டு. 1990இல் 12 ஓஇசிடி நாடுகளில் இருந்த அவ்வரி 2017இல் நான்கில் மட்டுமே எஞ்சியது. ஆண்டு வரியை விட வாரிசுரிமை வரியை நான் பரிந்துரைப்பதற்கு இது ஒரு காரணம். ஜப்பானில் அதன் உச்ச விகிதம் 55 விழுக்காடு, பிரிட்டனில் 40. தொழில் வளர்ச்சிக்குப் பெயர்பெற்ற தென்கொரியாவில் சாம்சங் தலைவர் லீ குன்-ஹீ 2020இல் இறந்தபின், அவருடைய வாரிசுகள் 12 லட்சம் கோடி வோனுக்கு மேல் வரியை ஐந்தாண்டுத் தவணைகளில் செலுத்துவதாக அறிவித்தார்கள். நிறுவனம் மூடப்படவில்லை. தொழிலை விற்றுத்தான் வரி கட்ட வேண்டியிருக்கும் என்ற வாதத்துக்குத் தவணை முறையே விடை.

நடுத்தர வர்க்கமும் உழவர்களும் பாதிக்கப்படுவார்கள் என்பது மூன்றாவது. இது வரம்பைப் பொறுத்தது. மேற்கண்ட ஆய்வாளர்கள் 10 கோடி ரூபாய் வரம்பையும் 33 விழுக்காடு வாரிசுரிமை வரியையும் முன்மொழிந்தார்கள். வரம்பை ஏற்கிறேன், விகிதத்தை ஏற்கவில்லை. நம் வரலாறு கற்பிப்பது, முதலில் அடித்தளம் அகல வேண்டும் என்பதே. 15 விழுக்காட்டில் தொடங்கலாம். வேளாண் நிலத்தின் மீதான வாரிசுரிமை வரி அரசமைப்பின்படி மாநிலங்களின் அதிகாரம். அதை அவர்களிடமே விடலாம்.

5. முடிவுரை

1957இல் இல்லாத கருவிகள் இன்று உள்ளன. பட்டியலிட்ட பங்குகள் டீமேட் கணக்குகளில் உள்ளன. நிலப் பரிமாற்றங்கள் பத்திரப்பதிவுத் துறையின் கணினியில் உள்ளன. இவற்றை பான் எண் இணைக்கிறது. கால்டர் படிவங்களால் பின்ன நினைத்த வலையைத் தரவுகளால் பின்ன முடியும். பங்கு, நகை, மனை என்ற வேறுபாடின்றி எல்லாவற்றையும் சந்தை மதிப்பில் கணக்கிட வேண்டும். அறக்கட்டளைக்கும் கூட்டுக் குடும்பத்துக்கும் தனி வாசல் இருக்கக் கூடாது. வருவாயை மாநிலங்களோடு பகிர்வது சட்டத்திலேயே உறுதியாக வேண்டும்.

பொதுநலனுக்குக் கேடாகச் செல்வம் ஒருசிலரிடம் குவியாதபடி பொருளாதாரத்தை நடத்துமாறு அரசமைப்பின் 39ஆம் பிரிவு அரசுக்கு வழிகாட்டுகிறது. உழைத்து ஈட்டும் சம்பளத்துக்கு மாதந்தோறும் வரி பிடிக்கும் நாடு, உழைக்காமல் வந்துசேரும் நூறு கோடிக்கு எதுவும் கேட்பதில்லை என்பதற்கு இனி நிர்வாகக் காரணம் எதுவும் இல்லை. எஞ்சியிருப்பது அரசியல் தயக்கம் மட்டுமே. அதை உடைப்பது நாடாளுமன்றத்தின் கடமை.