ஓஸ்கி (மருத்துவத் தேர்வு)

ஓஸ்கி என்பது மருத்துவ மாணவர்களின் நோயாளிசார் திறன்களை மதிப்பிடுவதற்காகப் பல நாடுகளில் நடத்தப்படும் ஒரு செய்முறைத் தேர்வு முறை ஆகும். 'புறவயக் கட்டமைப்புள்ள மருத்துவச் செய்முறைத் தேர்வு' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இப்பெயர் அமைந்தது. இத்தேர்வில் மாணவர்கள் பல நிலையங்களை வரிசையாகச் சுற்றி வருவர். ஒவ்வொரு நிலையத்திலும் குறித்த நேரத்திற்குள் ஒரு பணியைச் செய்து காட்ட வேண்டும். எல்லா மாணவர்களுக்கும் பணிகளும் மதிப்பெண் முறையும் ஒன்றே.

ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கல்விப் பேராசிரியராக இருந்த ரொனால்ட் ஹார்டன் 1970களில் இம்முறையை உருவாக்கினார். மருத்துவ அறிவையும் கைத்திறனையும் அளப்பதற்கு இது பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. ஆயினும், மருத்துவரின் நேர்மை, பொறுப்புணர்வு முதலிய தொழில்நெறிப் பண்புகளை இதனால் எந்த அளவுக்கு அளக்க முடியும் என்பது இன்றும் விவாதிக்கப்படும் வினாவாகும்.

பின்னணி

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், மருத்துவ மாணவர்களின் இறுதித் தேர்வு நோயாளியின் படுக்கையருகே நடைபெற்றது. 'லாங் கேஸ்' எனப்படும் தேர்வில், மாணவர் ஒரு நோயாளியுடன் தனியாக நெடுநேரம் இருந்து நோய் வரலாற்றைக் கேட்டு, உடலைப் பரிசோதித்து, பின்னர் தேர்வாளர்களின் வினாக்களுக்கு விடையளிப்பார். 'ஷார்ட் கேஸ்' என்பது சில நோயாளிகளிடம் குறிப்பிட்ட ஓர் உறுப்பையோ அறிகுறியையோ விரைவாகப் பரிசோதிக்கும் தேர்வாகும். இவற்றுடன் வாய்மொழித் தேர்வும் இருந்தது.

இம்முறையில் மூன்று குறைகள் சுட்டிக்காட்டப்பட்டன.

முதலாவது, நோயாளி வேறுபாடு. ஒரு மாணவருக்கு எளிய நோயும் மற்றொருவருக்குக் கடினமான நோயும் அமையலாம். தெளிவாகப் பேசும் நோயாளி கிடைத்தவருக்கும் பேச இயலாத நோயாளி கிடைத்தவருக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது.

இரண்டாவது, தேர்வாளர் வேறுபாடு. ஒரே விடைக்கு ஒருவர் தாராளமாகவும் மற்றொருவர் கடுமையாகவும் மதிப்பெண் இடுவதுண்டு.

மூன்றாவது, தேர்வாளர்கள் பெரும்பாலும் மாணவர் சொல்லும் முடிவுகளையே கேட்டனர். அவர் நோயாளியிடம் எவ்வாறு பேசினார், எவ்வாறு தொட்டுப் பரிசோதித்தார் என்பதை நேரில் காணவில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் தேசிய மருத்துவத் தேர்வாளர் வாரியம், நம்பகத்தன்மை குறைவு என்ற காரணத்தால் படுக்கையருகுத் தேர்வை 1960களில் கைவிட்டது. பல்தெரிவு வினாக்கள் கொண்ட எழுத்துத் தேர்வு அறிவைச் சீராக அளந்தது. ஆனால் ஒரு குழந்தையின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை எங்கே வைப்பது என்பதை மாணவர் செய்து காட்டும் வாய்ப்பு அதில் இல்லை.

தோற்றம்

ஹார்டனும் அவருடன் பணியாற்றியோரும் உருவாக்கிய புதிய முறை பற்றிய கட்டுரை 1975 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வெளியானது. அதில் விவரிக்கப்பட்ட தேர்வில், மாணவர்கள் மருத்துவமனை வார்டில் அமைக்கப்பட்ட நிலையங்களைச் சுற்றி வந்தனர். ஒரு நிலையத்தில் நோய் வரலாறு கேட்டல், உடற்பரிசோதனையின் ஒரு பகுதி போன்ற பணியைச் செய்தனர். அடுத்த நிலையத்தில், முந்தைய நிலையத்தில் கண்டறிந்தவை பற்றிய வினாக்களுக்கு விடையளித்தனர். 1979 இல் ஹார்டனும் கிளீசனும் எழுதிய விரிவான கட்டுரைக்குப் பின்னர் இம்முறை பிற நாடுகளுக்கும் பரவியது.

தேர்வின் அமைப்பு

ஒரு ஓஸ்கி தேர்வில் பொதுவாகப் பத்து முதல் இருபது நிலையங்கள் வரை இருக்கும். ஒவ்வொரு நிலையத்திற்கும் ஐந்து முதல் பத்து நிமிடங்கள் ஒதுக்கப்படுவது வழக்கம். மணி ஒலித்ததும் எல்லா மாணவர்களும் ஒரே நேரத்தில் அடுத்த நிலையத்திற்கு நகர்வர். எடுத்துக்காட்டாக, 20 நிலையங்களும் ஒவ்வொன்றிற்கும் 5 நிமிடங்களும் இருப்பின், 20 மாணவர்கள் 100 நிமிடங்களில் ஒரு சுற்றை முடிப்பர். இடையில் நகர்வதற்கான நேரம் இதில் சேராது.

நிலையங்களில் வழக்கமாக இடம்பெறும் பணிகள்:

* நெஞ்சுவலியுடன் வந்தவரிடம் நோய் வரலாறு கேட்டல்
* இரத்த அழுத்தம் அளத்தல்
* பொம்மையின் மீது இதய நுரையீரல் மீளுயிர்ப்பு செய்து காட்டல்
* இதய மின்னலை வரைவைப் படித்தல்
* ஆஸ்துமா நோயாளிக்கு உறிஞ்சு மருந்துக் கருவியைப் பயன்படுத்தும் முறையை விளக்கல்
* அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளியின் ஒப்புதலைப் பெறுதல்
* புற்றுநோய் உறுதியான செய்தியை நோயாளிக்குத் தெரிவித்தல்
* மருந்து தவறாகக் கொடுக்கப்பட்டதை நோயாளியின் உறவினரிடம் ஒப்புக்கொள்ளுதல்

பல நிலையங்கள் தேவைப்படுவதற்கு ஓர் அடிப்படைக் காரணம் உண்டு. ஒரு நோயாளியை நன்கு கையாளும் மாணவர் மற்றொரு நோயாளியையும் அவ்வாறே கையாள்வார் என்று கொள்ள முடியாது. இதயநோயில் தேர்ந்தவர் தோல்நோயில் தடுமாறலாம். ஆகவே, ஒரே நோயாளியிடம் ஒரு மணி நேரம் சோதிப்பதைவிட, பல நோயாளிகளிடம் சில நிமிடங்கள் சோதிப்பது நம்பகமான முடிவைத் தருகிறது. ஒவ்வொரு நிலையத்திலும் வேறொரு தேர்வாளர் இருப்பதால், ஒருவரின் விருப்புவெறுப்பு முடிவைத் தீர்மானிப்பதும் தவிர்க்கப்படுகிறது.

நடிப்பு நோயாளிகள்

பல நிலையங்களில் உண்மையான நோயாளிக்குப் பதிலாகப் பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியாக நடிப்பார். இவர் நடிப்பு நோயாளி அல்லது தரப்படுத்தப்பட்ட நோயாளி எனப்படுவார். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ் 1960களின் தொடக்கத்தில் இம்முறையை அறிமுகப்படுத்தினார். அவரும் ஸ்டீபன் ஆபிரகாம்சனும் இது பற்றி 1964 இல் கட்டுரை வெளியிட்டனர்.

நடிப்பு நோயாளி ஒவ்வொரு மாணவரிடமும் ஒரே வலியை ஒரே விதமாக விவரிப்பார். கேட்டால் மட்டுமே சில செய்திகளைச் சொல்வார். உண்மையான நோயாளியை ஒரே நாளில் இருபது பேர் பரிசோதிக்கும் துன்பமும் இதனால் தவிர்க்கப்படுகிறது. மாணவர் தம்மை மரியாதையுடன் நடத்தினாரா, புரியும்படி பேசினாரா என்பதற்கு நடிப்பு நோயாளியே மதிப்பெண் வழங்கும் வழக்கமும் உண்டு. எனினும், வீங்கிய கல்லீரல், இதய முணுமுணுப்பு போன்ற உடல் அறிகுறிகளை நடித்துக் காட்ட இயலாது. அவற்றிற்கு உண்மையான நோயாளிகளோ மாதிரிக் கருவிகளோ தேவை.

மதிப்பெண் வழங்கல்

தொடக்கத்தில் சரிபார்ப்புப் பட்டியலே முதன்மையாகப் பயன்பட்டது. 'கைகளைக் கழுவினார்', 'தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார்', 'வலி எங்கே பரவுகிறது எனக் கேட்டார்' என்பன போன்ற வரிகளுக்கு எதிரே தேர்வாளர் குறியிடுவார். இது தேர்வாளர்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் குறைத்தது.

ஆனால் பட்டியலுக்கும் எல்லை உண்டு. கனடாவில் பிரையன் ஹாட்ஜஸும் பிறரும் 1999 இல் வெளியிட்ட ஆய்வில், அனுபவமிக்க மருத்துவர்கள் சரிபார்ப்புப் பட்டியலில் மாணவர்களைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றனர். தேர்ந்த மருத்துவர் சில வினாக்களிலேயே நோயைக் கண்டறிந்துவிடுவார். பட்டியலோ கேட்கப்பட்ட வினாக்களின் எண்ணிக்கைக்கே மதிப்பளிக்கிறது. அதே மருத்துவர்கள் ஒட்டுமொத்த மதிப்பீட்டில் மாணவர்களைவிடச் சிறந்து விளங்கினர். இதனால் பல நிறுவனங்கள் பட்டியலுடன் ஒட்டுமொத்த மதிப்பீட்டையும் சேர்த்துப் பயன்படுத்துகின்றன.

மில்லர் கூம்பு

அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990 இல் மருத்துவத் திறன் மதிப்பீட்டை நான்கு அடுக்குகள் கொண்ட கூம்பாக விளக்கினார். அடியிலிருந்து மேலாக அவை பின்வருமாறு:

1. அறிதல் - செய்தி தெரிந்திருத்தல்
2. எவ்வாறு என அறிதல் - அறிந்ததைப் பயன்படுத்தும் வழி தெரிந்திருத்தல்
3. செய்து காட்டல் - பிறர் காணச் செய்தல்
4. செய்தல் - அன்றாடப் பணியில் உண்மையாகவே செய்தல்

எழுத்துத் தேர்வுகள் முதல் இரண்டு அடுக்குகளை அளக்கின்றன. ஓஸ்கி மூன்றாம் அடுக்கைச் சேர்ந்தது. மூன்றாம் அடுக்கில் தேறியவர் நான்காம் அடுக்கிலும் அவ்வாறே நடப்பார் என்பதற்கு உறுதி இல்லை. நெதர்லாந்துக் குடும்ப மருத்துவர்களிடம் நடத்தப்பட்டு 1991 இல் வெளியான ஓர் ஆய்வு, தேர்வுச் சூழலில் வெளிப்படும் திறனும் முன்னறிவிப்பின்றி வரும் நடிப்பு நோயாளியிடம் காட்டும் செயற்பாடும் வெவ்வேறானவை என்று காட்டியது.

தொழில்நெறியும் ஓஸ்கியும்

நோயாளியின் நலனை முன்னிறுத்தல், உண்மை பேசுதல், இரகசியம் காத்தல், பொறுப்பை நிறைவேற்றல், குறையைச் சுட்டும்போது திருத்திக்கொள்ளுதல் ஆகியவை மருத்துவத் தொழில்நெறியின் கூறுகளாகும். 2002 இல் அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவ அமைப்புகள் இணைந்து வெளியிட்ட மருத்துவர் சாசனம் நோயாளி நலனின் முதன்மை, நோயாளியின் தன்னுரிமை, சமூக நீதி ஆகிய மூன்று கொள்கைகளையும் பத்துக் கடப்பாடுகளையும் வகுத்தது.

இவை தேர்வுக்குரியவையா என்ற ஐயத்திற்கு இரண்டு ஆய்வுகள் விடையளித்தன.

மாக்சின் பாபடாகிசும் பிறரும் 2005 இல் வெளியிட்ட ஆய்வு, மூன்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் பயின்று, பின்னாளில் மாநில மருத்துவ வாரியங்களால் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளான 235 மருத்துவர்களின் மாணவப் பருவப் பதிவுகளை ஆராய்ந்தது. ஒப்பீட்டிற்காக, நடவடிக்கைக்கு உள்ளாகாத 469 பேரின் பதிவுகளும் எடுத்துக்கொள்ளப்பட்டன. மாணவப் பருவத்திலேயே தொழில்நெறிக்கு மாறாக நடந்ததாகப் பதிவு பெற்றிருப்பதற்கும் பிற்கால நடவடிக்கைக்கும் வலுவான தொடர்பு காணப்பட்டது. கடும் பொறுப்பின்மையும், தன்னைத் திருத்திக்கொள்ளும் இயல்பு குன்றியிருத்தலும் இவற்றுள் முதன்மையானவை. குறைந்த மதிப்பெண்களுக்கும் நடவடிக்கைக்கும் இருந்த தொடர்பு இதைவிட வலுக்குறைந்ததாகும்.

ராபின் டாம்பிளினும் பிறரும் 2007 இல் வெளியிட்ட ஆய்வு, கனடாவின் உரிமத் தேர்வில் ஓஸ்கி எழுதிய 3,424 மருத்துவர்களைப் பற்றியது. நோயாளியுடன் உரையாடும் திறனில் குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள் மீது பிற்காலத்தில் நோயாளிகளின் முறையீடுகள் கூடுதலாக வந்தன.

இரண்டாம் ஆய்வு, சில நிமிட உரையாடலும் பயனுள்ள செய்தியைத் தருகிறது என்று காட்டுகிறது. முதல் ஆய்வில் கண்ட பொறுப்பின்மையோ ஓஸ்கி நிலையத்தில் வெளிப்படுவது அரிது. தேர்வாளர் பார்த்துக்கொண்டிருக்கையில் மாணவர் எவரும் நோயாளியை அவமதிக்கமாட்டார். இரவுப் பணிக்கு வராமலிருப்பதும், செய்யாத பரிசோதனையைச் செய்ததாகக் குறிப்பேட்டில் எழுதுவதும் அங்கே நிகழா. எனவே தொழில்நெறியை மதிப்பிட நீண்டகாலக் கவனிப்பும் தேவை எனக் கல்வியாளர்கள் கருதுகின்றனர். இதற்கான சில முறைகள்:

* பணியிடத்தில் உண்மையான நோயாளியுடன் மாணவர் பழகுவதை ஆசிரியர் சிறிது நேரம் கவனித்து உடனே கருத்துரைத்தல்
* செவிலியர், உடன்பயில்வோர், நோயாளிகள் ஆகியோரிடமிருந்து கருத்துப் பெறுதல்
* வருகை, தடுப்பூசிச் சான்றை உரிய நாளில் அளித்தல் முதலிய சிறு கடமைகளைக் கணக்கிடுதல். இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தினர் இத்தகைய குறியீடு ஒன்றை 2009 இல் வெளியிட்டனர்.
* நெறிபிறழ்ந்த நிகழ்வுகளை உடனுக்குடன் பதிவு செய்து, மாணவருக்குத் திருந்த வாய்ப்பளித்தல்

தொழில்நெறியைக் கற்பிப்பதிலும் இதே சிக்கல் உள்ளது. வகுப்பில் மரியாதையைப் பற்றிப் படிக்கும் மாணவர், வார்டில் மூத்த மருத்துவர் நோயாளியைப் பெயரால் அழைக்காமல் படுக்கை எண்ணால் குறிப்பிடுவதைக் காண்கிறார். இவ்வாறு அறிவிக்கப்படாமலே கற்பிக்கப்படுவதைச் சமூகவியலாளர் பிரெடெரிக் ஹாஃபர்டி 'மறைமுகப் பாடத்திட்டம்' என்ற கருத்தால் விளக்கினார்.

பல்வேறு நாடுகளில்

ஐக்கிய இராச்சியம்: வெளிநாட்டு மருத்துவர்களுக்கான பிளாப் தேர்வின் இரண்டாம் பகுதி ஓஸ்கி முறையில் மான்செஸ்டர் நகரில் நடத்தப்படுகிறது. இந்திய, இலங்கை மருத்துவர்கள் பலர் இதனை எழுதுகின்றனர். உள்நாட்டு மாணவர்களுக்கு 2024-25 கல்வியாண்டு முதல், அறிவுத் தேர்வுடன் செய்முறை, தொழில்நெறித் திறன் மதிப்பீட்டிலும் தேறுவது கட்டாயமாக்கப்பட்டது.

கனடா: கனடிய மருத்துவக் குழு 1992 இல் தனது உரிமத் தேர்வில் ஓஸ்கியைச் சேர்த்தது, 2021 இல் அதனைக் கைவிட்டது.

ஐக்கிய அமெரிக்கா: உரிமத் தேர்வின் ஒரு பகுதியாக 2004 இல் நடிப்பு நோயாளிகளைக் கொண்ட தேர்வு தொடங்கப்பட்டது. கொரோனா பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. 2021 சனவரியில் முற்றாகக் கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. செய்முறைத் திறனை மதிப்பிடும் பொறுப்பு இதனால் மருத்துவக் கல்லூரிகளிடம் சேர்ந்தது.

இந்தியா: எம்.பி.பி.எஸ். செய்முறைத் தேர்வுகளில் 'லாங் கேஸ்', 'ஷார்ட் கேஸ்' முறைகள் தொடர்கின்றன. அவற்றுடன் ஓஸ்கியும் பயன்படுத்தப்படுகிறது. ஓஸ்கியை ஆய்வகப் பாடங்களுக்கு ஏற்ப மாற்றியமைத்த 'ஓஸ்பி' முறை பற்றிப் புது தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தினர் 1986 இல் கட்டுரை வெளியிட்டனர். இந்திய மருத்துவக் கழகம் 2018 இல் மனப்பாங்கு, அறநெறி, உரையாடல் ஆகியவற்றுக்கான 'ஏட்காம்' பாடப்பகுதியை வெளியிட்டது. 2019 இல் சேர்ந்த மாணவர்கள் முதல் இது நடைமுறைக்கு வந்தது. நோயாளியாக இருப்பதன் பொருள் என்ன என்பதும், உடற்கூற்றியல் கூடத்தில் உள்ள உடலை முதல் ஆசிரியராக மதிப்பதும் முதலாண்டுப் பகுதிகளில் அடங்கும்.

விமர்சனங்கள்

* செலவு: இடம், தேர்வாளர்கள், நடிப்பு நோயாளிகள் எனப் பெரும் ஏற்பாடு தேவைப்படுகிறது. அமெரிக்கத் தேர்வுக்கு மாணவர்கள் ஆயிரம் டாலருக்கு மேல் கட்டணம் செலுத்தியதுடன், ஐந்து நகரங்களுள் ஒன்றிற்குப் பயணமும் செய்ய வேண்டியிருந்தது.
* துண்டாடல்: நோயாளியை முழுமையாகக் காணாமல், சிறு பணிகளாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை இது வளர்க்கலாம்.
* மனப்பாட நடத்தை: 'உங்கள் நிலை எனக்குப் புரிகிறது' போன்ற தொடர்களை மதிப்பெண்ணுக்காகச் சொல்லப் பயிலும் மாணவர், நோயாளியின் விடையைக் கேட்காமலே அடுத்த வினாவுக்குச் செல்லக்கூடும்.
* மொழி, பண்பாடு: தேர்வு நடக்கும் நாட்டின் பேச்சு வழக்கிற்குப் பழகாத வெளிநாட்டு மருத்துவருக்கு, உரையாடல் நிலையங்கள் கூடுதல் கடினமாக அமைகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

* மருத்துவக் கல்வி
* மருத்துவ அறநெறி
* இப்போக்கிரட்டீசின் உறுதிமொழி
* நோயாளி உரிமைகள்