வாழ்நாள் கல்வி (குறிஞ்சிப்பாடி வட்டாரம்)

பள்ளிப் பருவத்தோடு நின்றுவிடாமல் எல்லா வயதினரும் கற்பதற்கு ஊராரும் உள்ளூர் அமைப்புகளும் கூடிச் செய்யும் ஏற்பாடு வாழ்நாள் கல்வி எனப்படும். கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடி வட்டத்திலும், அதையொட்டிய நெய்வேலி, சிதம்பரம் பகுதிகளிலும் இம்முயற்சி நடந்து வந்த வரலாற்றை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது. கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற குறிஞ்சிப்பாடியும், வள்ளலாரின் வடலூரும், பழுப்பு நிலக்கரி நகரமான நெய்வேலியும் கடலூர் துறைமுகம் – விருத்தாசலம் இருப்புப்பாதையில் அமைந்த ஊர்கள்.

தொடக்கம்

பழைய தென்னார்க்காட்டில் ஊரார் பொறுப்பில் கல்வி நடந்ததற்கு மிகத் தெளிவான சான்று, இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் கல்வெட்டு. முதலாம் இராசேந்திரன் காலத்தில் (11ஆம் நூற்றாண்டு) அவ்வூர்ச் சபையார் 340 மாணவர்களையும் அவர்களுடைய ஆசிரியர்களையும் பேண 45 வேலி நிலம் ஒதுக்கினர். ஆனால் அது வேதமும் சாத்திரமும் பயிலும் ஒரு வகுப்பாருக்கான கல்லூரி. உழுதவருக்கும் நெய்தவருக்கும் அங்கே இடமிருக்கவில்லை.

எழுத்தறியாத பெரியவர்களுக்குக் கல்விக்கூடமாக இருந்தவை திரௌபதி அம்மன் கோயில்களே எனலாம். திருவிழா நாட்களில் பிரசங்கியார் பகலில் பாரதம் வாசித்துப் பொருள் சொல்வார்; இரவில் அதே கதை தெருக்கூத்தாக விடியும்வரை நடக்கும்; முடிவில் தீமிதி. பகலில் கேட்டதை இரவில் கண்ணால் கண்டு மனத்தில் பதித்துக்கொண்ட முதியவர்கள், வில்லிபாரதத்தின் நுட்பமான வழக்குகளைத் திண்ணையில் உட்கார்ந்து விவாதிக்கும் அளவுக்குக் கேள்வி ஞானம் பெற்றிருந்தனர். பிரசங்கியாருக்கும் கூத்தருக்கும் ஆன செலவை ஊர் வரி போட்டு ஈடுகட்டியது.

வடலூர் (1865–1874)

இவ்வட்டார வரலாற்றில் மிக விரிவாகப் பதிவாகியுள்ள காலம் இதுவே. மருதூரில் 5.10.1823 அன்று பிறந்த இராமலிங்க அடிகள் (வள்ளலார்), சென்னையில் நெடுங்காலம் வாழ்ந்தபின் 1858 அளவில் கருங்குழிக்கு வந்து மணியக்காரர் வேங்கட ரெட்டியார் வீட்டில் தங்கினார். 1865இல் சமரச வேத சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். 1872இல் அதன் பெயர் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என மாறியது.

1867இல் வடலூரை அடுத்த பார்வதிபுரம் ஊரார் 80 காணி நிலத்தை, ஏறத்தாழ 106 ஏக்கரை, அடிகளின் பணிக்கு எழுதிக் கொடுத்தனர். அரசரோ ஜமீன்தாரோ வழங்கிய மானியமாக அல்லாமல், குடிமக்கள் பலர் தத்தம் உரிமையை விட்டுக்கொடுத்ததால் சேர்ந்த நிலம் என்பது அதன் தனிச்சிறப்பு. அந்நிலத்தில் 23.5.1867 அன்று சத்திய தருமச்சாலை தொடங்கிற்று. சாதி, சமயம் கேளாது பசித்தவர் எல்லோருக்கும் உணவு என்பது அதன் விதி. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது.

தருமச்சாலையின் அன்னதானம் பரவலாக அறியப்பட்ட அளவுக்கு அதனோடு சேர்ந்திருந்த கல்விப்பணி அறியப்படவில்லை. அதே ஆண்டில் ‘சன்மார்க்க போதினி’ என்ற பாடசாலை ஏற்பட்டது. தமிழ், வடமொழி, ஆங்கிலம் மூன்றும் அதில் கற்பிக்கப்பட்டன. சிறுவர், இளைஞர், முதியோர் என்ற வேறுபாடின்றி மாணவர் சேர்க்கப்பட்டனர் என வரலாற்று நூல்கள் கூறும். அடிகளின் முதன்மை மாணாக்கரும் திருவருட்பாவை 1867இல் அச்சேற்றியவருமான தொழுவூர் வேலாயுத முதலியாரைக் கொண்டு பொதுமக்களுக்குத் திருக்குறள் வகுப்பு நடத்தப்பட்டது என்றும் சொல்வர். ‘சன்மார்க்க விவேக விருத்தி’ என்ற பெயரில் இதழ் ஒன்றை வெளியிடவும் திட்டமிருந்தது.

தமிழகத்தில் முதியோர் கல்வியைத் தொடங்கியவர் வள்ளலாரே என்பது சன்மார்க்கத்தார் கொள்கை. ஆனால் கிறித்தவச் சபைகள் வேதாகமம் வாசிப்பதற்காகப் பெரியவர்களுக்கும் எழுத்துக் கற்பித்து வந்தன. ஆகவே ‘முதல்’ என்ற சொல்லை அறுதியிட்டுக் கூறுவது கடினம். ஆயினும் மதமாற்றம், பணி, தேர்வு என எந்தப் பயனையும் முன்வைக்காமல், ஊர் கொடுத்த நிலத்தில், சோறிட்ட கூரைக்கு அருகிலேயே பெரியவர்களைப் படிக்க அழைத்த முயற்சி என்ற வகையில் அதற்கு இணை கூறுவது அரிது. பகலெல்லாம் வயலில் உழைத்துப் பசியோடு வருபவருக்கு எழுத்து ஏறாது என்பதை அடிகள் அறிந்திருந்தார்.

பாடசாலை நெடுநாள் நீடித்ததாகத் தெரியவில்லை. 25.1.1872 அன்று எண்கோண வடிவான சத்திய ஞான சபையில் வழிபாடு தொடங்கியது. 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் கொடி ஏற்றி அடிகள் மக்களுக்கு ஆற்றிய பேருரை ‘பேருபதேசம்’ எனப்படுகிறது. 30.1.1874 அன்று அவர் அங்கே சித்திவளாகம் எனும் தம் இருப்பிடத்தின் அறைக்குள் சென்றதோடு இக்காலம் முடிகிறது. பிற்காலத்தில் வடலூரிலேயே வாழ்ந்த ஊரன் அடிகள், வள்ளலார் வாழ்வையும் நூல்களையும் ஆராய்ந்து பதிப்பித்தது இவ்வரலாற்றுக்குப் பெருந்துணை.

சிதம்பரம்

வள்ளலாரின் பாடல்களை அருட்பா எனலாமா என்ற விவாதத்தில் அவரை எதிர்த்து நின்ற யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், 1864இலேயே சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியிருந்தார். 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்ற இவ்விருவரும், ஒரே வட்டாரத்தில் சில ஆண்டு இடைவெளியில் பாடசாலை கண்டவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

1916இல் சுவாமி சகஜானந்தர் ஓமக்குளத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியும் விடுதியும் தந்து, தலைமுறையாக மூடியிருந்த கதவை அது திறந்தது. இராஜா அண்ணாமலைச் செட்டியார் 1920இல் தொடங்கிய ஸ்ரீ மீனாட்சி கல்லூரி, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 1979இல் அங்கு ஏற்பட்ட தொலைதூரக் கல்வி, வேலையிலிருப்போரும் குடும்பப் பெண்களும் அஞ்சல் வழியே பட்டம் பெற வழிசெய்தது.

நூலகம்

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதனின் முயற்சியால் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழு நூலகம் நடத்தும் முறை இதனால் வந்தது. இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் இது என்பது வழக்கு. கோலாப்பூர் சமஸ்தானம் 1945இலேயே சட்டம் இயற்றியது என்போரும் உண்டு. அதற்கும் முன்பு 1931இல், மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். இரங்கநாதன் அதற்கு ஊக்கமளித்தார்.

அரசுத் திட்டங்களும் அறிவொளியும்

2.10.1978 அன்று தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் 15 முதல் 35 வயதுக்குட்பட்டோருக்காகத் தொடங்கியது. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் புதுச்சேரியிலும் தமிழக மாவட்டங்களிலும் அறிவொளி இயக்கம் பரவியது. மாவட்ட ஆட்சியர், அறிவியல் இயக்கத்தார், கலைக்குழுவினர், ஊதியம் பெறாத தொண்டர்கள் ஆகியோர் ஒரே மேடையில் கூடியது அதன் பலம். புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டியும் ஓட்டக் கற்றனர். முழு எழுத்தறிவு அறிவிக்கப்பட்டபின் தொடர்கல்வி மையங்கள் பல இடங்களில் தளர்ந்தன.

அண்மைக்காலம்

1998 முதல் நெய்வேலியில் என்.எல்.சி. நிறுவனம் புத்தகக் கண்காட்சி நடத்தி வருகிறது. 2011 கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்ட எழுத்தறிவு சுமார் 78 விழுக்காடு. மாநில அளவு 80. மாவட்டத்தில் பெண்கள் ஆண்களைவிட ஏறத்தாழ 16 புள்ளி பின்தங்கியிருந்தனர். 2021இல் இல்லம் தேடிக் கல்வி, 2022இல் பதினைந்து வயது கடந்தோருக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் ஆகியவை வந்தன.  2024இல் வடலூரில் சத்திய ஞான சபையைச் சூழ்ந்த பெருவெளியில் வள்ளலார் பன்னாட்டு மையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பெருவெளியில் கட்டடம் எழுவதை எதிர்த்துப் பார்வதிபுரத்தாரும் சன்மார்க்கத்தார் சிலரும் போராட, விவகாரம் நீதிமன்றம் சென்றது.

மதிப்பீடு

இவ்வட்டாரத்தில் கல்வி வேரூன்றிய காலங்கள் எல்லாம் ஊர் தன் பங்கை முன்வந்து தந்த காலங்களே: பாரத வாசிப்புக்கு வரி, தருமச்சாலைக்கு நிலம், அறிவொளிக்குத் தொண்டர் உழைப்பு. இலக்கும் கெடுவும் மேலிருந்து மட்டும் வந்தபோது, திட்டம் முடிந்ததும் வகுப்பும் முடிந்தது. பல்கலைக்கழகம், நூலகக் கிளைகள், நெய்வேலிக் கண்காட்சி, நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள், சன்மார்க்க சங்கங்கள் அனைத்தும் ஒரே மாவட்டத்துக்குள் இருக்கின்றன. இவற்றை ஒரு மேசையில் அமர்த்தும் பொறுப்பை உள்ளாட்சி மன்றங்கள் ஏற்க வேண்டும். 80 காணி நிலம் கொடுத்த வட்டாரத்துக்கு அது இயலாத காரியமன்று.