ஏட்டில் ஏறாத ஊர்: கலவானைத் தோட்டங்கள்

ஊராக வாழ்ந்தும் ஊரென்று ஏட்டில் ஏறாத குடியிருப்புகள் இலங்கையில் உண்டு. இரத்தினபுரி மாவட்டத்துக் கலவானையின் தேயிலை, இறப்பர்த் தோட்ட லயங்கள் அத்தகையன. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் வழியினர் மாரியம்மன் கோயிலும் ஆடித் திருவிழாவுமாக அவற்றை ஊராக்கிக் கொண்டனர். ஆட்சியோ தோட்டத்தின் உடைமையாகவே அவற்றைக் கண்டது.

விடியற்காலைப் பெரட்டிலே தொடங்கும் நாள், கொழுந்து நிறுக்கும் தராசிலே முடியும். ஒருநாட் சம்பளத்தைத் தொழிலாளர் ‘பேர்’ என்றே வழங்கினர். நிறை குறைந்தால் அரைப்பேர். செக்றோலிலே நாள்தோறும் விழுந்த பேர் அரசின் ஏட்டிலே நிலைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. கேட்கப்படாமலே பங்கிடப்பட்டனர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1981 சனவரியில் சரத் முத்தெட்டுவேகம வென்ற இடைத்தேர்தலாற் கலவானை நாடறிந்த பெயராயிற்று. அவ்வாண்டு ஆவணியிலே இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களை வன்செயல் தாக்கியது; 1977இற் போலவே சப்பிரகமுவவிலிருந்து பல குடும்பங்கள் வவுனியாவுக்குப் பெயர்ந்தன.

அயலிலுள்ள சிங்கராசக் காடு 1988இல் உலக மரபுரிமையாயிற்று. மலையகத்தில் எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. அதன் பின்னரும், 1987இன் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்படும்வரை, சபை நிதியைக்கொண்டு லயத்துக்குப் பாதையமைக்கச் சட்டம் இடந்தரவில்லை.