தங்கவயலின் தூசியும் விழுங்கும் அணுக்களும்

கோலார் தங்கவயலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் தங்கத்தின் கணக்கைத் தவறாமல் எழுதிவிடுகிறார்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது; 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது; சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது; சுமார் 800 டன் தங்கம் எடுத்தபிறகு 2001 பிப்ரவரி 28ஆம் தேதி எல்லாம் மூடப்பட்டது. அங்கே ஸ்கெலட்டனில், லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். (வெளியூர் நண்பர்கள் பெயரைக் கேட்டதும் "எலும்புக்கூடா?" என்று சிரிப்பார்கள். நமக்கு அது ஊர்ப் பெயர், அவ்வளவுதான்.) இம்மலரில் நான் எழுத நினைப்பது வேறொரு கணக்கு. மூச்சோடு உள்ளே போன தூசியின் கணக்கு.

என் தாத்தா வடஆர்க்காட்டிலிருந்து வந்தவர். சுரங்கத்தில் பாறைக்குத் துளை போடும் வேலை. நான் பார்த்த காலத்தில் திண்ணையோடு சரி. பத்தடி நடந்தால் நின்றுவிடுவார். ஷிப்டு சங்கு ஊதினால் மட்டும் நிமிர்ந்து உட்காருவார். "தாத்தா கிட்ட போகாதே, டிபி ஒட்டிக்கும்" என்று ஆயா சொல்லும். அவர் டம்ளர் தனி, தட்டு தனி. பின்னாளில் நான் விலங்கியல் வாத்தியாராகி அணுவைப் பற்றிப் பாடம் எடுத்தபோதுதான், அவர் நெஞ்சில் என்ன நடந்திருக்கும் என்பது பிடிபட்டது.

தங்கவயல் தொடங்கிய அதே காலத்தில், 1882இல், இத்தாலியின் மெசினா கடற்கரையில் மெட்ச்னிக்காப் என்ற ரஷ்ய விஞ்ஞானி ஒரு சோதனை செய்தார். கண்ணாடிபோல் உள்ளே தெரியும் நட்சத்திரமீன் குஞ்சின் உடம்பில் சின்ன முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலை பார்த்தால், முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. வெளியிலிருந்து வரும் அந்நியப் பொருளை அணுக்கள் விழுங்கி உடம்பைக் காக்கின்றன என்றார் அவர். 1908இல் பால் எர்லிக்கோடு சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள்.

அணுவுக்கு வாய் கிடையாது. பிறகு எப்படி விழுங்குகிறது? கொழுக்கட்டைக்குப் பூரணத்தை வைத்து மாவை மூடுகிறோமே, அந்த மாதிரிதான். அணுவின் மேல்சவ்வு இரண்டு பக்கமும் எழும்பிப் பொருளைச் சூழ்ந்துகொண்டு, ஒரு பையாகக் கிள்ளி உள்ளே இழுத்துவிடும். அந்தப் பையோடு லைசோசோம் என்ற இன்னொரு பை வந்து சேரும். 1955இல் கிறிஸ்டியன் டி டூவ் கண்டு சொன்ன அந்தப் பையில் இருப்பது செரிமானச் சாறு. கிருமியானாலும் செத்த அணுவானாலும் பெரும்பாலும் அதில் கரைந்துபோகும்.

கோலாரில் தங்கம் இருந்தது குவார்ட்ஸ் என்ற வெள்ளைக்கல் நரம்புகளில். துளை போட்டு, வெடி வைத்தால் கிளம்பும் தூளில் கண்ணுக்குத் தெரிவது மூக்கிலும் தொண்டையிலும் நின்று, சளியோடு வெளியே வந்துவிடும். மில்லிமீட்டரில் 200இல் ஒரு பங்குக்கும் சிறியது இருக்கிறதே, அதுதான் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகிறது. அங்கே காவலுக்கு இருக்கும் விழுங்கணுக்கள் அதையும் கிருமி என்றெண்ணி விழுங்குகின்றன. கல் கரையுமா? கரையாது. லைசோசோம் பையின் சவ்வை அது சிதைக்க, சாறு அணுவுக்குள்ளேயே கசிந்து, விழுங்கிய அணுவே சாகிறது. தூள் மறுபடி வெளியே வருகிறது. அடுத்த அணு வந்து விழுங்குகிறது. இப்படி ஒரே துகள் எத்தனை அணுவைத் தின்னும்! சுற்றிலும் தழும்பு கட்டி, பஞ்சுபோல் இருக்க வேண்டிய நுரையீரல் முடிச்சு முடிச்சாக இறுகிவிடும். வேலையை விட்டாலும் உள்ளே போன தூள் விடாது. இதுதான் சிலிகோசிஸ்.

ஆண்டுகளைக் கொஞ்சம் பாருங்கள். கம்பெனி வந்தது 1880. இந்நோய்க்கு நஷ்டஈடு தர மைசூர் அரசு விதி செய்தது 1940. இடையில் 60 ஆண்டு, ஏறக்குறைய மூன்று தலைமுறை ஆட்கள் கூண்டில் இறங்கி ஏறியிருக்கிறார்கள். 1947இல் வெளியான அறிக்கை, பரிசோதித்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ் என்றது. இந்தியாவிலேயே இந்நோய் முறையாகப் பதிவானது நம் ஊரில்தான். கல்தூள் லைசோசோமைச் சிதைக்கிறது என்று அலிசனும் அவரோடு சேர்ந்தவர்களும் விளக்கியது 1966இல். தண்ணீர் பீய்ச்சித் துளை போட்டால் தூசி அடங்கும் என்பது அதற்கு வெகுமுன்பே தெரிந்த விஷயம். நோயைத் தடுக்க அணுவின் சூட்சுமம் தெரியவேண்டிய அவசியமில்லை, செலவு செய்ய மனசு இருந்தால் போதும் என்பது என் கருத்து.

அப்படியானால் தாத்தாவுக்கு டிபி இல்லையா? அதுவும் இருந்திருக்கலாம். காசநோய்க் கிருமியைப் பிடிப்பதும் அதே விழுங்கணுக்கள்தாம். கல்தூளை விழுங்கி நலிந்தவற்றால் அக்கிருமியை அடக்க முடியாது. அதனால் சிலிகோசிஸ்காரருக்கு டிபி எளிதில் வரும். இருமலும் இளைப்பும் இரண்டுக்கும் ஒன்றுபோல இருக்கும். சீட்டில் எந்தப் பெயர் எழுதப்படுகிறது என்பதில்தான் நஷ்டஈடு இருந்தது. தாத்தாவின் சீட்டில், எங்கே எழுதிக் கொடுத்தது என்பது இப்போது வேண்டாம், டிபி என்று மட்டும் இருந்தது.

ஆயாவிடம் ஒருமுறை இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ கல்லு ஒட்டிக்காதா?" என்றது. ஒட்டாது ஆயா என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் எழுந்துபோய், பரணில் இருந்த அவர் டம்ளரை எடுத்துத் தேய்த்து, மற்ற டம்ளர்களோடு கவிழ்த்து வைத்தது.